பாதி ஓட்டையில் ஸ்க்ரூ இல்லையே, ஏன்?

அக்கா மகனின் எக்ஸ்ரே படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தபோது இரவு மணி பத்து. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஷிஃப்டு முடித்து, மோட்டாரில் பாலம் கடந்து பிறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவன். சந்தியில் சிக்னல் போடாமல் திரும்பிய ஒரு கார் இடது காலில் இடித்தது. கணுக்காலுக்கு அரைச்சாண் மேலே கணைக்கால் எலும்பு நாலைந்து துண்டானது. பத்து நாள் கழித்துத்தான் ஆபரேஷன் நடந்தது. அன்று வந்தது ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த படம்.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் மூன்று கேள்விகள் வந்துவிட்டன. பெரியப்பா எழுதினார்: “எலும்பைச் சேர்க்கவே இல்லையே, துண்டெல்லாம் அப்படியே கிடக்கு.” சித்தி படத்தைப் பெரிதாக்கி எண்ணியே பார்த்திருக்கிறார்: “பிளேட்டில் பதினாலு ஓட்டை இருக்கு, ஸ்க்ரூ ஏழுதான். பாதியோட நிறுத்திட்டாங்களா?” அக்கா கேட்டது வேறு: “வெட்டு இத்தனூண்டுதான் இருக்கு தம்பி. இவ்வளவு நீளத் தகடு எப்படி உள்ளே போச்சு?”

நான் டாக்டர் இல்லை. மெடிக்கல் அசிஸ்டண்டாக மாவுக்கட்டு அறையில் தொடங்கி, பிறகு எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் பல வருஷம் நின்று ஓய்வு பெற்றவன். அதனால் குழுவில் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. வாட்ஸ்அப்பில் எழுத எழுத நீண்டுகொண்டே போனது. சரி, உட்கார்ந்து முழுசாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. பிறையிலும் பட்டர்வொர்த்திலும் இந்தப் படத்தைப் பார்த்து இதே மாதிரி குழம்புகிற குடும்பங்கள் நிறைய உண்டு. மலேசியச் சாலைகளில் வருஷத்துக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அதில் 60 விழுக்காட்டுக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். உயிர் பிழைத்து வார்டுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் காலைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்பது எலும்பு வார்டில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். கார் பம்பரின் உயரமும் மோட்டாரில் உட்கார்ந்தவனின் கணைக்கால் உயரமும் ஏறக்குறைய ஒன்று.

மூன்று கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். எலும்பை ஒட்டவைப்பது ரத்தம். இரும்பு, ரத்தம் தன் வேலையை முடிக்கும்வரை காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். தோல், உடனே எலும்பு. நடுவில் சதையே கிடையாது. சின்ன வயதில் கட்டில் காலில் இடித்துக்கொண்டு குதித்திருப்போமே, அந்த இடம்தான். பின்பக்கம் கெண்டைச் சதை மொத்தமாக இருக்கிறது. முன்னால், அதுவும் உள்பக்கம், ஒன்றுமில்லை. உடம்பிலேயே தொடையெலும்புக்கு அடுத்த நீளமான எலும்பு இது. இத்தனை பெரிய எலும்பை இவ்வளவு திறந்தவெளியில் விட்டிருக்கிறது இயற்கை. முறிந்த முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது இந்த எலும்பில் அடிக்கடி நடப்பதற்கு இதுதான் காரணம்.

இதற்கு ரத்தம் வரும் வழி இரண்டு. பின்புறமாக மேல்பகுதியில் ஒரு தமனி எலும்பைத் துளைத்து உள்ளே போய், மஜ்ஜைக் குழாய் வழியாகக் கீழே இறங்குகிறது. எலும்புச் சுவரின் உள்பக்க மூன்றில் இரண்டு பங்குக்கு அதுதான் சோறு போடுகிறது. மிச்ச வெளிப்பங்குக்கு, எலும்பைப் போர்த்தியிருக்கும் பெரியோஸ்டியம் என்ற மெல்லிய சவ்வில் ஓடும் நுண்குழாய்கள். எலும்பு முறிந்தால் உள்ளே போகும் தமனி அங்கேயே அறுந்துபோகும். அப்போது துண்டுகளுக்கு மிஞ்சுகிற ஒரே உயிர்நாடி அந்தச் சவ்வும் அதோடு ஒட்டியிருக்கும் சதையும்தான். கணுக்கால் பக்கம் சதை இல்லை; ஆக, சவ்வு மட்டும்.

முறிந்த இடத்தில் ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். பார்க்க அசிங்கமாக, கறுப்பு ஜெல்லி மாதிரி இருக்கும். நான் தியேட்டருக்குப் போன புதிதில், அதை உறிஞ்சி எடுத்துக் கழுவிச் சுத்தம் செய்வது நல்ல வேலைக்கு அடையாளம் என்று நினைத்தேன். உண்மையில் புது எலும்புக்கு விதையே அந்தக் கட்டிதான். அதற்குள் செல்கள் வந்து குடியேறும், இளந்திசு ஆகும், குருத்தெலும்பு ஆகும், பிறகு சுண்ணாம்பு ஏறி எலும்பாகும். எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றிப் பஞ்சு வைத்த மாதிரி மங்கலாகத் தெரியும் திரட்சி அதுதான். காலஸ் என்பார்கள்.

இதை அறிந்தும் ஏன் ஒரு காலத்தில் காலை நீளமாகக் கிழித்தார்கள்? அதற்கும் நியாயம் இருந்தது. மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுக்கவைத்த காலத்தில், எலும்பு சேர்ந்தாலும் கால் உதவாமல் போயிற்று. மூட்டுகள் இறுகிவிடும், சதை வற்றிவிடும். 1958-இல் சுவிட்சர்லாந்தில் மொரிஸ் முல்லர் உள்ளிட்ட அறுவை மருத்துவர்கள் சேர்ந்து ஏஓ என்ற குழுவைத் தொடங்கினார்கள். எலும்பைத் திறந்து, துண்டுகளை இழையளவு பிசகாமல் பொருத்தி, தகடும் ஸ்க்ரூவும் வைத்து அசையாமல் இறுக்கிவிட்டால், மறுநாளே மூட்டை அசைக்கலாம் என்பது அவர்கள் வாதம். அது பலித்தது. இன்றைக்கும் மூட்டுக்குள் போகிற முறிவுக்கு அதுவே சரியான வழி.

ஆனால் கணைக்காலின் நடுப்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் அதையே செய்தபோது விலை தெரிந்தது. ஒரு சாணுக்கு வெட்டு, சவ்வை உரித்து விலக்கு, துண்டு ஒவ்வொன்றையும் எடுத்துச் சேர். எக்ஸ்ரே என்னவோ பார்க்க அழகாக இருக்கும். முறிவுக் கோடே தெரியாது. சவ்விலிருந்து பிரிந்த துண்டுகளோ உயிரில்லாத எலும்பு. சேராமல் மாதக்கணக்கில் கிடக்கும், சீழ் பிடிக்கும், மெல்லிய தோல் பிரிந்து தகடு வெளியே தெரியும். அப்படி ஒரு காலுக்கு நான் எட்டு மாதம் மருந்து கட்டியிருக்கிறேன். அவருடைய முதல் எக்ஸ்ரே பாடப்புத்தகத்தில் போடுகிற மாதிரி இருந்தது.

திறக்காமலே உள்ளே போகலாம் என்ற யோசனை இதற்கு முன்பே உண்டு. ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ச்சர் 1939-இல் தொடையெலும்பின் மஜ்ஜைக் குழாய்க்குள் நீளமான ஓர் உலோக ஆணியைச் செலுத்தினார். முறிவு ஓரிடம், வெட்டு வேறிடம். போரில் பிடிபட்டுத் திரும்பி வந்த அமெரிக்கச் சிப்பாய்களின் காலை எக்ஸ்ரே எடுத்தபோதுதான் இப்படி ஒன்று நடக்கிறதென்று அங்கே பலருக்குத் தெரிந்தது. இன்று கணைக்கால் எலும்பின் நடுவில் முறிந்தால் பெரும்பாலும் அந்த ஆணியின் வாரிசைத்தான் வைக்கிறார்கள். நம் ஆட்கள் பொதுவாக ‘பெசி வச்சிருக்கு’ என்பார்கள்; பெசி என்றால் மலாயில் இரும்பு. ஆணியும் பெசிதான், தகடும் பெசிதான்.

தகட்டுக்கு அந்த ஞானம் வரக் கொஞ்சம் காலம் ஆயிற்று. 1990-களில் ஜெர்மனியின் ஹானோவரில் கிறிஸ்டியன் கிரெட்டெக் முதலியோர், முறிவைத் திறக்காமல் தோலுக்கடியில் தகட்டைச் செருகும் முறைக்கு உருவம் கொடுத்தார்கள். மிப்போ என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். இறந்தவர்களின் தொடையில் ரத்தக்குழாய்களுக்குள் சாயப்பொருள் ஏற்றி, இரண்டு முறையிலும் தகடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திறந்து வைத்த கால்களில் எலும்புக்கு வரும் சிறு கிளைகள் அறுந்திருந்தன. செருகி வைத்த கால்களில் அவை அப்படியே இருந்தன.

கூடவே, தகடும் மாறியது. பழைய தகட்டை ஸ்க்ரூ எலும்போடு சேர்த்து அழுத்தும். அழுத்தின இடத்தில் சவ்வு நசுங்கும். 2000-ஐ ஒட்டி வந்த லாக்கிங் பிளேட்டில் ஸ்க்ரூவின் தலையிலும் மரை இருக்கிறது, தகட்டின் ஓட்டையிலும் மரை இருக்கிறது. ஸ்க்ரூ தகட்டிலேயே பூட்டிக்கொள்கிறது. தகடு எலும்பை நெருக்கவேண்டியதில்லை, மேலே மிதந்தமாதிரி நிற்கலாம். வெளியே வைக்கும் கம்பிச் சட்டத்தைத் தோலுக்குள் ஒளித்துவைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சித்தியின் கேள்வி. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

ஒரு ரப்பர் பேண்டைக் கற்பனை செய்யுங்கள். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டை ஒரு சென்டிமீட்டர் இழுத்தால் அது இரண்டு மடங்காக நீள வேண்டும், அறுந்தாலும் அறும். பத்து சென்டிமீட்டர் துண்டை அதே ஒரு சென்டிமீட்டர் இழுத்தால் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. முறிவின் இடைவெளியில் வளரும் திசுவுக்கும் இதே கணக்குத்தான். சுவிட்சர்லாந்தின் ஸ்டீபன் பெரென் இதை எண்ணாகவே சொன்னார். முதலில் வரும் இளந்திசு தன் நீளத்தைப்போல் ஒரு மடங்கு, அதாவது 100 விழுக்காடுவரை இழுபட்டாலும் தாங்கும். குருத்தெலும்பு சுமார் 10 விழுக்காடு. முற்றிய எலும்போ 2 விழுக்காட்டைத் தாண்டினால் உடையும்.

இப்போது போட்டுப் பாருங்கள். முறிவு ஒரே கோடு, இடைவெளி 1 மில்லிமீட்டர். காலை ஊன்றும்போது அரை மில்லிமீட்டர் அசைகிறது. இழுவை 50 விழுக்காடு. அங்கே எலும்பும் வராது, குருத்தெலும்பும் வராது; முளைக்க முளைக்கக் கிழியும். அதே அரை மில்லிமீட்டர் அசைவு, எலும்பு நாலைந்து துண்டாகி மொத்த இடைவெளி 10 மில்லிமீட்டராக இருக்கும் காலில் நடந்தால்? எல்லா இடைவெளியும் பங்குபோட்டுக்கொள்ளும், 5 விழுக்காடுதான். குருத்தெலும்பு வந்துவிடும். அது வந்ததும் இடம் இறுகும், அசைவு இன்னும் குறையும், பிறகு எலும்பு வரும். கொஞ்சம் அசைவு இருப்பதுதான் காலஸை வளரச் சொல்லித் தூண்டுகிறது. துளியும் அசையாவிட்டால் காலஸ் வராது. எலும்பு வேறு மெதுவான வழியில் சேர வேண்டும், அதற்கு முனைகள் ஒட்டினாற்போல் இருக்க வேண்டும்.

ஆக, அதிகத் துண்டாக நொறுங்கிய முறிவுக்குத்தான் இந்த முறை இயல்பாகப் பொருந்துகிறது. தகடு இரண்டு கரையிலும் நல்ல எலும்பைப் பிடித்துக்கொண்டு நடுவில் பாலமாக நிற்கிறது. நடுவிலுள்ள துண்டுகளை யாரும் தொடுவதில்லை. அவை சவ்வில் தொங்கிக்கொண்டு, ரத்தம் குடித்துக்கொண்டு, இருக்கிற இடத்திலிருந்தே சேர்ந்துவிடும். பெரியப்பா பார்த்த ‘அப்படியே கிடக்கும்’ துண்டுகள் இவைதான். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். காலின் நீளம், நேர்க்கோடு, திருக்கு (பாதம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது) ஆகியவை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

ஓட்டைகள் காலியாக இருப்பதும் அதனால்தான். லோங்காங்குக்கு, அதாவது சாக்கடைக் கால்வாய்க்கு, மேல் போட்ட நீளப் பலகையில் நடந்தால் முழுப் பலகையும் மெதுவாக வளைந்து கொடுக்கும். இரண்டு பக்கமும் நெருக்கிச் சிமெண்டு பூசி, நடுவில் நாலு விரல் இடம் மட்டும் விட்டால், வளைவு முழுக்க அந்த நாலு விரலில் விழும். கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடக்கினால் அறுந்துவிடுகிறதே, அதேதான். முறிவுக்குப் பக்கத்து ஓட்டைகளில் எல்லாம் ஸ்க்ரூ போட்டு அடைத்தால், நடுவிலிருக்கும் ஒற்றை ஓட்டையில் பாரம் குவிந்து சில மாதங்களில் தகடு உடைந்துவிடலாம். உடைந்த தகடுகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் இப்படி ஓர் ஓட்டையில்தான் உடைந்திருக்கும். சித்திக்கு இதை ஒரு வரியில் சொன்னேன்: “காலியாக விட்ட ஓட்டைக்கும் வேலை இருக்கு சித்தி.” அவர் ஒரு கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

இனி அக்காவின் கேள்வி. உள்கணுக்காலில் மொட்டு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் எலும்புக்கு மேல் மூன்று சென்டிமீட்டர் வெட்டு. அங்கே முன்பக்கமாக ஒரு பெரிய ரத்தக்குழாயும் அதோடு ஒரு நரம்பும் ஓடுகின்றன. அவற்றை ஒதுக்கி வைப்பார்கள். பிறகு மழுங்கிய முனையுள்ள நீளக் கத்தரியைத் தோலுக்கடியில், சவ்வுக்கு மேலே, முழங்காலை நோக்கி நகர்த்துவார்கள். அந்தச் சுரங்கம் வழியாகத் தகடு போகும். தகட்டின் நுனி ஓட்டையில் ஒரு குழலைத் திருகி, அதையே கைப்பிடியாகப் பிடித்துத் தள்ளுவார்கள். தோலுக்கடியில் தகடு ஏறுவது வெளியிலிருந்தே தெரியும், எலிவளையில் எலி போவது மாதிரி. மேல்முனையில் இன்னொரு சின்ன வெட்டு. மிச்ச ஸ்க்ரூக்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு குத்து. காலைச் சுற்றி நிற்கும் வளைவான எக்ஸ்ரே மெஷின், சி-ஆர்ம் என்பது, இதையெல்லாம் திரையில் காட்டிக்கொண்டே இருக்கும்.

அதுவரை காலை இழுத்து நீளம் சரியாகப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு மனிதக் கை அல்லது வெளிச்சட்டம். என் கை பல தடவை மரத்துப்போயிருக்கிறது. கால் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய தந்திரம் உண்டு. ரத்தக்கசிவை நிறுத்தப் பயன்படுத்தும் மின்கருவியின் ஒயரை எடுத்து, இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவரை இறுக்கிப் பிடிப்போம். சி-ஆர்மில் பார்த்தால் அந்த ஒயரின் நிழல் முழங்காலின் நடுவே போக வேண்டும். விலகினால் கால் வளைந்திருக்கிறது. லட்சக்கணக்கில் விலையுள்ள மெஷின் இருக்கும் அறையில், கடைசியில் தச்சன் நூல் பிடிப்பது போலத்தான் ஒரு வேலை நடக்கிறது. திருக்குக்கு அப்படிச் சுலபமான வழி இல்லை. மற்றக் காலையும் துணி மூடாமல் வைத்து, முட்டிச்சில்லு மேலே பார்க்கும்போது இரண்டாம் விரல் எங்கே பார்க்கிறதென்று ஒப்பிட வேண்டும்.

இங்கேதான் இந்த முறையின் பலவீனமும் இருக்கிறது. கண்ணால் பார்க்காமல் செய்வதால் பாதம் சற்று வெளியே அல்லது உள்ளே திரும்பி நின்றுவிடும் வாய்ப்பு திறந்து செய்வதைவிட அதிகம். எக்ஸ்ரே கதிரும் அதிகமாகப் பயன்படும். நோயாளிக்கு அது ஒருமுறை, தியேட்டரில் நிற்பவர்களுக்கு வாழ்நாள் கணக்கு. ஈய அங்கியின் கனத்தில் என் தோள்பட்டை இன்றும் மழைக்காலத்தில் வலிக்கிறது. ஒரே கோடாக நேராக முறிந்த எலும்புக்கு, மேலே போட்ட ரப்பர் பேண்டு கணக்குப்படி, இடைவெளியை விட்டுவிட்டுப் பாலம் போடுவது தப்பான வேலை. முறிவு மூட்டின் வழவழப்பான பரப்புக்குள் போயிருந்தால் அந்தப் பகுதியைத் திறந்து துல்லியமாகப் பொருத்தித்தான் ஆக வேண்டும். தழும்பு சின்னதாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ‘லேட்டஸ்ட் முறை’ என்று யாராவது விற்றால், எனக்கு அவர்மேல் சந்தேகம்தான் வரும்.

சரி, ஆணியா தகடா? நடுக்கணைக்கால் என்றால் ஆணி. பெரிய சர்ச்சை இல்லை. கணுக்காலுக்கு அருகே வரும்போது மஜ்ஜைக் குழாய் புனல் மாதிரி விரிகிறது, ஆணிக்குப் பிடிமானம் குறைகிறது; அங்கேதான் தகடு போட்டிக்கு வருகிறது. பிரிட்டனில் இந்தக் கீழ்முறிவு உள்ள 321 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2017-இல் முடிவு வெளியிட்டார்கள். மூன்றாம் மாதத்தில் ஆணி வைத்தவர்கள் கொஞ்சம் மேல். ஆறாம் மாதத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அதனால் உங்கள் டாக்டர் எதில் கைதேர்ந்தவரோ அதற்கு விட்டுவிடுவது நல்லது என்பேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆணியை முழங்காலிலிருந்துதான் இறக்குகிறார்கள். பிறகு முட்டியின் முன்பக்கம், முக்கியமாக மண்டியிடும்போது, வலி இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள். ஜார்ஜ் டவுனில் ஐந்து வேளை தொழுகிற ஒரு பாய்க்கும், தரையில் உட்கார்ந்து பூ கட்டுகிற ஓர் அம்மாவுக்கும் அது சின்ன விஷயம் இல்லை. நாம் சொல்லாவிட்டால் டாக்டருக்கு அது தோன்றாமலும் போகலாம்.

பத்து நாள் காத்திருந்தது பற்றி. வீட்டில் அதுதான் பெரிய மனக்குறை. “இன்னைக்கு நாளைக்குன்னு படுக்கவே வச்சிருக்காங்க, ஆள் இல்லையா, சாமான் இல்லையா?” சில இடங்களில் ஆள் பற்றாக்குறையும் சாமான் தாமதமும் உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இவன் விஷயத்தில் காரணம் தோல். இடித்த இரண்டாம் நாள் கணுக்கால் பலூன் மாதிரி வீங்கி, மேலே நீர்க்கொப்புளம் எழும்பியிருந்தது. அந்தத் தோலை வெட்டினால் தையல் நிற்காது. அப்படி வீக்கத்தோடு வெட்டித் தகடு வைத்த காலம் ஒன்று இருந்தது. காயம் பிரிவதும் சீழ் பிடிப்பதும் அளவுக்கு மீறிப் போனதால் 1990-களின் கடைசியில் வழக்கம் மாறியது. முதல் நாளே வெளியே கம்பிச் சட்டம் போட்டுக் காலை நீளத்தில் நிறுத்திவைப்பார்கள். ஒன்று முதல் இரண்டு வாரம் காத்திருப்பார்கள். வார்டு ரவுண்டில் டாக்டர் தினமும் வந்து கணுக்கால் தோலை இரண்டு விரலால் லேசாகக் கிள்ளிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். அவர் தேடுவது சுருக்கம். வீக்கம் வற்றித் தோலில் ரேகை தெரிந்த அன்றைக்குத்தான் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார். அக்காவிடம் இதைச் சொன்ன பிறகு, மிஸ்ஸி (நர்ஸ்) வருவதற்கு முன்பே அவரே பார்த்து எனக்குப் படம் அனுப்ப ஆரம்பித்தார்.

காத்திருக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. கெண்டைக்காலின் சதைகள் இறுக்கமான உறைகளுக்குள் அறை அறையாக இருக்கின்றன. உள்ளே வீக்கம் ஏறினால் உறை விரியாது. அழுத்தம் ஏறி ரத்தம் உள்ளே வருவது நின்றுவிடும். சில மணி நேரத்தில் சதை செத்துவிடும். வலி மருந்துக்குக் கட்டுப்படாமல் கூடிக்கொண்டே போவதும், கால்விரலை மற்றவர் லேசாக நிமிர்த்தினாலே உயிர் போவதும் அதற்கு அடையாளம். விரல் மரத்துப்போகும்வரை பொறுக்காதீர்கள், உடனே வார்டில் கத்துங்கள். கட்டு இறுக்கமாக இருந்தால் முதலில் அதை வெட்டித் தளர்த்துவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் உறையை நீளமாகக் கிழித்துவிடுவார்கள். அங்கே சின்ன வெட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதனால்தான் முறிந்த காலோடு நேராகச் சிஞ்சே என்கிற சீன நாட்டு வைத்தியரிடமோ எண்ணெய் போட்டு நீவுகிறவரிடமோ போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். மூங்கில் வைத்து இறுக்கிக் கட்டி, மூன்றாம் நாள் கறுத்த விரல்களோடு வந்தவர்கள் உண்டு. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். திறக்காதே, கொஞ்சம் அசையவிடு என்பதை அவர்கள் எப்போதோ பிடித்திருந்தார்கள். 1960-களில் அமெரிக்காவில் அகஸ்டோ சர்மியெந்தோ முழங்காலை விட்டுவிட்டுக் கீழே மட்டும் கட்டுப் போட்டு, நோயாளியை நடக்கவிட்டு, கணைக்கால் எலும்பு நன்றாகவே சேர்வதைக் காட்டினார். விலகாத முறிவுக்கும் குழந்தைகளுக்கும் இன்றும் பெரும்பாலும் மாவுக்கட்டே போதும். மூங்கில் கட்டால் முடியாதது நீளத்தையும் திருக்கையும் காப்பது. சேர்ந்துவிடும், ஆனால் கால் ஒரு அங்குலம் குட்டையாக, பாதம் ஒரு பக்கம் திரும்பி.

வெட்டு சின்னது என்பதால் எலும்பு சீக்கிரம் சேர்ந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தையல் இரண்டு வாரத்தில் பிரியும். எலும்புக்கு நாலிலிருந்து ஆறு மாதம் ஆகும். தகடு வைத்த காலை முதல் ஆறு எட்டு வாரம் தொங்காட் (ஊன்றுகோல்) துணையோடு, பாதம் தரையைத் தொட்டும் தொடாமலும்தான் வைக்கச் சொல்வார்கள். எவ்வளவு பாரம் வைக்கலாம் என்று தெரிந்துகொள்ள, வீட்டிலிருக்கும் எடை பார்க்கும் மெஷின்மேல் அந்தக் காலை அழுத்திப் பழகச் சொல்வேன். முள் பத்து கிலோவில் நிற்கும்போது எப்படி இருக்கிறதென்று காலுக்கு ஞாபகம் இருக்கும்.

சிகரெட் இந்தக் கணக்கைக் கெடுக்கும். நுண்குழாய்களைச் சுருக்கும், எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும். அதைவிட நம் வீடுகளில் பெரிய எதிரி சர்க்கரை. 2019-இல் எடுத்த தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. கால் முறிந்து வார்டில் சேர்ந்த பிறகுதான் தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்தவர்களை எனக்குத் தெரியும். அப்புறம் பத்தியம். முட்டை கூடாது, இறால் கூடாது, கோழி சூடு என்று ஒன்றொன்றாகக் கழித்து, கடைசியில் ரசச்சோறு மட்டும் மிஞ்சும். புது எலும்பு கட்டப் புரதம் வேண்டும், அதைப் போய் நிறுத்துகிறோம். ஹாருவான் மீன் சூப் கொடுங்கள், தாராளமாக. விறால் மீன்தான் அது. தோல் காயம் ஆறுவதற்கு அது உதவுகிறதா என்று நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். எலும்பை ஒட்டவைக்கும் மந்திரமெல்லாம் இல்லை. நல்ல புரதம், அது போதும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் படுக்கைக்கும் ஆபரேஷனுக்கும் குடிமக்கள் கட்டுவது கொஞ்சம்தான். ஆனால் உள்ளே வைக்கும் தகட்டையும் ஸ்க்ரூவையும் தனியாக வாங்கச் சொல்வதுண்டு. கட்ட முடியாவிட்டால் ஆஸ்பத்திரியிலேயே மருத்துவ சமூகநலப் பிரிவு இருக்கிறது, கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள். வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நேர்ந்த விபத்து என்றால் பெர்கேசோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், பழைய ஆட்களுக்கு சொக்சோ, பொறுப்பேற்கும். வழியில் சொந்த வேலைக்கு வேறு பக்கம் போயிருந்தால் சிக்கல். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் வேண்டும், எம்.சி. என்ற மருத்துவ விடுப்புத் தாள்களில் ஒன்றைக்கூடத் தொலைக்கக் கூடாது. எம்.சி. நாலு நாளோ அதற்கு மேலோ இருந்தால் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். உணவு டெலிவரி ஓட்டுகிற பையன்கள் ‘நமக்கெல்லாம் கிடையாது’ என்று நினைக்கிறார்கள். சுயதொழில் செய்வோருக்காக 2017-இல் வந்த சட்டத்தில் அவர்களுக்கும் இடம் உண்டு; விபத்துக்கு முன்பே சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

இப்போது ஐந்து மாதம். போன வாரம் எடுத்த படத்தில் துண்டுகளைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெள்ளை படர்ந்திருக்கிறது, பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, “இது என்ன, படம் சரியா எடுக்கலையா?” என்று கேட்டார். பயலுக்கு இப்போது வேறு கவலை. தகட்டை எப்போது எடுப்பார்கள்? உள்கணுக்காலில் தோல் மெல்லியது, தகட்டின் நுனி பூட்ஸில் உரசுகிறது. உறுத்தலோ சீழோ இல்லையென்றால் எடுக்கவே தேவையில்லை. எடுப்பதென்றாலும் ஆபரேஷன் நடந்து ஒன்றரை வருஷத்துக்குக் குறையாமல் போகட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பூட்டிக்கொண்ட ஸ்க்ரூவின் தலை சில சமயம் தகட்டோடு ஒட்டிப் போய்விடும். திருகினால் பள்ளம் வழுக்கும், வராது. மூன்று சென்டிமீட்டர் வெட்டில் உள்ளே போனதை வெளியே எடுக்க அதைவிட நீளமாக வெட்ட வேண்டிவந்ததையும் பார்த்திருக்கிறேன். எடுத்த பிறகும் ஏழு ஸ்க்ரூ இருந்த இடத்தில் ஏழு ஓட்டை இருக்கும். அவை எலும்பால் அடைபடும்வரை, சில மாதத்துக்கு, ஃபுட்சால் கிடையாது. இதைச் சொன்னதும், “அப்போ அது உள்ளேயே இருக்கட்டும் மாமா, நான் பூட்ஸை மாத்திக்கிறேன்” என்றான்.